முகம் தெரியாத கைப்பிடி

“நான் உயிரோட இருக்கிற வரைக்கும், என் முகம் தெரியாத அலுமினியம் எதுவும் இந்த வீட்டு வாசப்படியத் தாண்டாது!”

எர்கோலே தொனினெல்லி இதை முழங்கியபோது அவர் கையில் முள்கரண்டியும் அதன் நுனியில் பன்றி விலாத் துண்டு ஒன்றும் இருந்தன. அக்டோபர் மாதத்து ஞாயிறு. காலையிலிருந்து கணப்பின் முன்னால் கம்பியில் கோத்துச் சுழன்ற இறைச்சி, வெண்ணெய் குடித்துக் குடித்துச் சிவந்து, அப்போதுதான் பொலெந்தாக் களியின் மேல் வந்து இறங்கியிருந்தது. வால் த்ரோம்பியா பள்ளத்தாக்கில், இறைச்சி சுழலும் நேரம் முழுக்க ஆண்கள் அதைக் காவல் காப்பார்கள். காவலுக்கு ஒயின் வேண்டும். ஆகவே சாப்பாடு மேசைக்கு வரும்போது சபதங்களும் பதமாக வெந்து கூடவே வந்துவிடும்.

மேசையைச் சுற்றியிருந்த உறவினர்கள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வருடா வருடம் கேட்கிற சபதம்தான். தூக்கியவள் ஒருத்தி மட்டும். எர்கோலேயின் மனைவி தோரினாவின் தங்கை ஃபுல்வியா. மலைக்கு அந்தப் பக்கம், வால் சாப்பியாவில் பவுடர் கோட்டிங் பட்டறை நடத்துகிறவள். அலுமினியத்தின் மேல் வண்ணப் பொடியைத் தூவி அடுப்பில் வேகவைத்துக் கொடுக்கிறவள். எர்கோலேயின் அகராதியில், பிணத்துக்கு உதட்டுச்சாயம் பூசிப் பிழைக்கிறவள்.

“ஜன்னல்?” என்றாள் ஃபுல்வியா.

“மரம்.”

“கார்?”

“அது வாசப்படிக்கு வெளியிலதான நிக்குது.”

“வீட்டைச் சூடாக்கற ரேடியேட்டர்? ஊரு பூரா அலுமினியம், வெள்ளை பெயிண்ட் அடிச்சு.”

“என் வீட்டுல இரும்பு. எங்கப்பா வச்சது.”

“அதான் இந்த வீடு சூடேறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடுது,” என்றாள் தோரினா, நூலால் களியை அறுத்துக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். எர்கோலே சிரிக்கவில்லை. பெரிய மனிதர்கள் தம் கொள்கையைப் பற்றிய சிரிப்பில் கலந்துகொள்வதில்லை.

இந்தப் பெரிய மனிதர் செய்த தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளத்தாக்கு முழுக்க வார்ப்பட ஆலைகள். விளக்குத் தண்டு, குழாய்த் திருகு, மோட்டார் மூடி, அடுப்புக் கால் என்று அச்சிலிருந்து சூடாக விழுகிற அலுமினியத் துண்டுக்குப் பிறந்த மேனி அழகு கிடையாது. மேலே என்ன பூச்சு, என்ன மெருகு என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த யாராவதாகத் தம்மை நியமித்துக்கொண்டவர் எர்கோலே. சொந்தமாக ஒரு பாலிஷ் பட்டறை வைத்திருந்தார் என்பது தற்செயல்.

ஆலைக்காரர்கள் துண்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். எர்கோலே நீலக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொள்வார். துண்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்புவார். கட்டை விரலால் தடவுவார். ஒருமுறை முகர்ந்தும் பார்ப்பார். அலுமினியத்துக்கு வாசனை இல்லை என்பது அவரைத் தடுத்ததில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு. வந்தவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருப்பார். கடைசியில் தீர்ப்பு வரும்.

“பாலிஷ்.”

அவர் வாழ்நாளில் வேறு தீர்ப்பு வந்ததாகத் தகவல் இல்லை. கோட்டுக் கொக்கியா, பாலிஷ். கல்லறை விளக்கா, பாலிஷ். சலவை இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளே, இருட்டில், எந்தக் கண்ணும் எட்டிப் பார்க்காத இடத்தில் உட்கார்ந்திருக்கப் போகிற ஒரு தாங்கி கொண்டுவந்தார் ஓர் அப்பாவி. அதற்கும் பாலிஷ்தான்.

“யாரு பாக்கப் போறாங்க, எர்கோலே?”

“யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அந்தத் துண்டுக்குத் தெரியும்ல?”

இந்த வாக்கியம் மதுக்கடைகளில் பல காலம் சுற்றி வந்தது. சிலர் அதைத் தத்துவம் என்றார்கள். சலவை இயந்திரக்காரர் வேறு வார்த்தை சொன்னார்; அது இங்கே அச்சேறாது.

மற்ற வழிகள் எல்லாவற்றுக்கும் எர்கோலேயிடம் ஒழுக்கம் சார்ந்த மறுப்பு இருந்தது. பவுடர் கோட்டிங் என்றால் பொய். பொடிக் குண்டுகளை வீசி அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் ஷாட் பிளாஸ்டிங் என்றால் வன்முறை. உலோகத்தின் மேல்தோலையே மின்சாரத்தால் கடினமாக்கும் ஆனடைசிங் பெரிய இடத்துச் சமாச்சாரம் என்பதால் அதைத் திட்டுவதில்லை. ஆனால் நம்புவதும் இல்லை. ஒன்றும் செய்யாமல் அச்சிலிருந்து வந்தபடியே விடுவது என்றால், அப்படிச் சொன்னவரை அவர் பார்க்கிற பார்வையில், வந்தவர் தம் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார்.

அச்சில் வார்த்த அலுமினியத்தில் ஒரு தொல்லை உண்டு. உருகிய உலோகத்தை அச்சுக்குள் அவசரமாக அழுத்தித் திணிக்கிறார்கள். அச்சைத் தொடுகிற மேல்பாகம் இறுகி, நெருக்கமான மெல்லிய தோலாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட காற்று அந்தத் தோலுக்குக் கீழே குட்டிக் குட்டிக் குமிழிகளாகத் தங்கிவிடும். பாலிஷ் சக்கரம் செய்கிற முதல் வேலை அந்தத் தோலை உரிப்பது. உரித்தால் ஊசி முனை அளவில் ஓட்டைகள் கண் திறக்கும். எர்கோலே அவற்றில் மெழுகைத் தேய்த்து அடைத்து, மேலே பளபளவென்று மெருகேற்றி, “பாருங்க உங்க முகத்தை” என்று நீட்டுவார். எந்த மனிதனும் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓட்டையைத் தேடமாட்டான். எர்கோலேயின் தொழில் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான்.

நவம்பரில் தோரினாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்தாள். நடந்துவிட்டாள், சமைத்துவிட்டாள், எர்கோலேயைத் திட்டும் குரல் முன்பு போலவே மாடிவரை எட்டியது. ஒன்றே ஒன்றுதான் முடியவில்லை. குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் காலை உள்ளே வைக்க, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

ஆகவே எர்கோலேயின் அக்கா பல்மீரா வந்தாள்.

பல்மீரா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த நேரத்தையெல்லாம் மாதா கோயிலுக்குக் கொடுத்தவள். கோயில் பெஞ்சுகளைத் துடைத்துத் துடைத்து ஒரு கைப்பழக்கம் வந்திருந்தது. அதே கையால் தோரினாவையும் தேய்த்தாள். தேய்க்கும்போது தோத்திரப் பாட்டு பாடுவாள். பாட்டு நடுவில் நின்றால், அது இன்னும் மோசம்.

“என்ன தோரினா, இவ்வளவு சதை போட்டுட்ட? கல்யாணத்தப்ப குச்சி மாதிரி இருந்தியே. கைய தூக்கு. வெக்கப்படாத, நான் பாக்காத ஒடம்பா? எங்கம்மாவ கடைசியில நான்தான் குளிப்பாட்டினேன். அவங்களும் இப்படித்தான் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவாங்க.”

அன்று இரவுச் சாப்பாட்டில் தோரினா சூப்பைத் தொடாமலே சொன்னாள்.

“எர்கோலே. நானே தனியா குளிக்கணும். உங்க அக்கா வேண்டாம், யாரும் வேண்டாம். தொட்டிக்கு மேல சுவத்துல ஒரு கைப்பிடி. அவ்வளவுதான். கடையில பிளாஸ்டிக்ல தொங்குது.”

“பிளாஸ்டிக்கா?” எர்கோலே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “எர்கோலே தொனினெல்லி வீட்டுல பிளாஸ்டிக்கா? ஊரு என்ன சொல்லும்?”

“ஊரு என் குளியலறைக்கு வருதா?”

வரும் என்பது தோரினாவுக்கும் தெரியும். இந்தப் பள்ளத்தாக்கில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வீட்டையும் பார்க்காமல் போவதில்லை.

“பொறு,” என்றார் எர்கோலே. “இந்த மாகாணத்துலயே யார் வீட்டுலயும் இல்லாத கைப்பிடி உனக்கு.”

கீழ்த்தெரு வார்ப்பட ஆலையில் மருத்துவமனைகளுக்கான வளைந்த கைப்பிடிகளை வார்த்தார்கள். அதில் நான்கை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முரட்டுத் துணிச் சக்கரம், மென்துணிச் சக்கரம், பச்சைப் பசை, வெள்ளைப் பசை, கடைசியில் மான்தோல் என்று ஒரு கைப்பிடிக்கு அவர் செய்த சேவகம் அவர் கல்யாண மோதிரத்துக்குக் கிடைத்திருக்காது. சுவரில் மாட்டியதும் குளியலறையின் குறுக்கே ஒரு நிலாத்துண்டு வளைந்து கிடந்தது.

ஊர் வந்தது. சித்தி பிள்ளைகள், பெரியப்பா மருமகள்கள், கூடைப் பழத்தோடு பக்கத்து வீட்டார், பாதிரியார் தொன் கலிஸ்தோ. எல்லோரும் தோரினாவிடம் “எப்படி இருக்கே?” என்று கேட்டு, பதில் முடிவதற்குள் குளியலறைக்கு நகர்ந்தார்கள். தொன் கலிஸ்தோ கைப்பிடியில் குனிந்து தம் பற்களைப் பரிசோதித்தார். எர்கோலே தொட்டியின் பக்கத்தில் அருங்காட்சியகக் காவலாளி போல நின்றார்.

“தொடாதீங்க, ரேகை விழும்.”

தோரினா மறுநாள் தொட்டாள். ஈரக் கை, சோப்பு. நிலாத்துண்டு மீன் போலக் கையை விட்டு நழுவியது. நல்லவேளை, அவள் இன்னும் ஒரு காலைத்தான் தூக்கியிருந்தாள். முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அடி எதுவும் இல்லை. உள்ளங்கையைப் பார்த்தாள். கறுப்பாக இருந்தது. பூச்சில்லாத மெருகு அலுமினியம் சோப்பைக் கண்டால் அப்படித்தான், கையில் கரியைத் தடவிவிட்டுப் போகும்.

“எர்கோலே!” குரல் கீழே பட்டறைவரை போனது. “உன் மூஞ்சி என் கையில ஒட்டிக்கிச்சு!”

மறுபடியும் பல்மீரா. மறுபடியும் தோத்திரம்.

செய்தி மலையைத் தாண்டி ஃபுல்வியாவுக்குப் போக நேரம் ஆகவில்லை. அவள் தொலைபேசினாள். ஃபுல்வியா வழக்கமாக மச்சானை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அவள் மரியாதை கொடுத்தால் கத்தி தீட்டியாகிவிட்டது என்று பொருள்.

“அத்தான், சௌக்கியமா? அக்காவைக் கீழ தள்ள ஏதோ புதுசா மாட்டினீங்களாமே.”

“வழுக்கினது சோப்பு. கைப்பிடி இல்ல.”

“ஆமா அத்தான். அடுத்த தடவ அவளைச் சோப்பு இல்லாம குளிக்கச் சொல்லுங்க. தண்ணியும் வேண்டாம்.”

எர்கோலே தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் அல்ல. தோல்வியின் முகவரியை மாற்றுகிறவர். குற்றம் மெருகில் இல்லை, மெருகைக் காக்க மேலே ஒன்றும் இல்லாததுதான் குற்றம் என்று கண்டுபிடித்தார். பெரிய இடத்துச் சமாச்சாரமான ஆனடைசிங்குக்கு இறங்கி வந்தார். அதில் கொள்கைக்குப் பங்கம் இல்லை. மேலே எதையும் பூசுவதில்லை, உள்ளதைக் கெட்டிப்படுத்துவதுதானே. இன்னொரு கைப்பிடியைக் கண்ணாடியாக்கி நகரத்துக்கு அனுப்பினார். ‘பளபளப்புக் குறையாமல்’ என்று ஒரு சீட்டும் கட்டி அனுப்பினார். அங்கிருந்தவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, “ஐயா, இது வார்ப்புக்குன்னே சிலிக்கான் சேத்த கலவை. இதுல சரியா வராது. கறுத்துப் போகும்” என்றார்கள். எர்கோலே, “நீங்க வேலையப் பாருங்க” என்று வைத்துவிட்டார்.

அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். திரும்பி வந்த கைப்பிடி சாம்பல் நிறத்தில், திட்டுத்திட்டாக, தேமல் படர்ந்த கன்னம் போல இருந்தது. எர்கோலே அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். முகம் தெரிந்தது. தேமலோடு.

“இது யாரு, உங்க தாத்தாவா?” என்று கேட்டாள் தோரினா.

அது பெட்டிக்குள் போனது. பல்மீரா குளியலறைக்குள் போனாள்.

இந்தக் கட்டத்தில் சரித்திரம் கொஞ்சம் வெட்கப்படும்படியான ஒன்றைச் செய்தார் எர்கோலே. யாருக்கும் சொல்லாமல், மூன்றாவது ஒரு கைப்பிடியைத் துணியில் சுற்றிக்கொண்டு, மலைச் சாலைப் பேருந்தில் ஏறி வால் சாப்பியாவுக்குப் போனார். ஃபுல்வியாவின் பட்டறையில் பொடிக் கூண்டுக்கும் அடுப்புக்கும் நடுவே நின்று, தொண்டையைச் செருமினார்.

“ஒரு வாடிக்கையாளர். பேரு வேண்டாம். பவுடர் கோட்டிங் கேக்கறாரு. எனக்குத் தெரிஞ்சவங்கன்னு இங்க கொண்டாந்தேன்.”

ஃபுல்வியா துணியைப் பிரித்தாள். உள்ளே எர்கோலேயின் கைப்பிடி எர்கோலேயின் மெருகோடு மின்னியது. பள்ளத்தாக்கில் வேறு யாரும் கைப்பிடியின் அடிப்பக்கத்தைக்கூடக் கண்ணாடியாக்க மாட்டார்கள்.

“வாடிக்கையாளருக்கு இடுப்பு எப்படி இருக்கு, அத்தான்?”

எர்கோலே அடுப்பைப் பார்த்தார்.

“பூசித் தரேன்,” என்றாள் அவள். “ஆனா நீங்க நின்னு பாருங்க.”

வெள்ளைப் பொடி தூவினாள். அடுப்பில் ஏற்றினாள். வெளியே எடுத்தபோது கைப்பிடி மேல் அம்மை வார்த்திருந்தது. எங்கும் கொப்புளம், சில உடைந்து குழி.

“உன் பொடி மட்டம்,” என்றார் எர்கோலே.

“என் பொடியா?” மரியாதை பறந்தது. “தோலை உரிச்சது யாரு? தோலுக்குக் கீழ இருக்கிற ஓட்டைய எல்லாம் தொறந்துவிட்டு, அதுல மெழுகையும் அடைச்சு வச்சிருக்க. அடுப்புச் சூட்டுல மெழுகு உருகும், காத்து வெளிய வரும், கொப்புளம் வரும். இத இந்த ஊர்ல யாரும் வேணும்னே செய்ய மாட்டாங்க. நீ ஒருத்தன்தான் செய்வ. எர்கோலே, சொல்றதக் கேளு. நீ கை வைக்காத ஒண்ணக் கொண்டு வா. அச்சுலேந்து வந்தபடியே. நான் லேசா குண்டடிச்சு, சொரசொரப்பான பொடி பூசி, அக்காவோட கைக்கு ஏத்த மாதிரி பண்ணித் தரேன்.”

“நான் கை வைக்காததா?”

“ஆமா. முடியுமா உன்னால?”

எர்கோலே தொப்பியைத் தலையில் வைத்தார். கொப்புளக் கைப்பிடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு பேருந்துக்குப் போனார். வழியில் ஓர் ஓடை இருக்கிறது. அவர் வீடு திரும்பியபோது துணி மட்டும் இருந்தது.

பட்டறையில் பெட்டி திறந்திருந்தது. தேமல் கைப்பிடியைத் தவிர மிச்சமிருந்தது ஒரே கைப்பிடி. மங்கலாக, அச்சின் கோடுகளோடு, முகமற்றுக் கிடந்தது. அவர் சக்கரத்தை ஓட்டினார். கைப்பிடியை எடுத்தார். சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீழே வைத்தார். சக்கரத்தை நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். அந்த வாரம் முழுக்க மற்ற வேலை எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. அவர் ஒரு மோட்டார் மூடியைப் பார்த்துக் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டு, பாலிஷ் என்று தீர்ப்பளித்தார்.

டிசம்பர் குளிர் இறங்கியது. ஒரு சனிக்கிழமை எர்கோலே சவரக் கத்தியைத் தேடிக் குளியலறைப் பக்கம் போனார். கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. உள்ளே பல்மீராவின் பாட்டு. அவர் திரும்பிப் போகத்தான் பார்த்தார். ஆனால் தொட்டிக்கு மேலே முதல் கைப்பிடி, அவர் கழற்ற மனமில்லாமல் விட்டுவைத்த நிலாத்துண்டு, பளபளவென்று வளைந்து தொங்கியது. வேலைப்பாட்டில் குறை வைக்காதவர் அவர். வாசலிலிருந்தே தெளிவாகத் தெரிந்தது. அதில் ஒரு முகம்.

அவருடையது அல்ல.

தோரினா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்களை இறுக மூடியிருந்தாள். உதட்டைக் கடித்திருந்தாள். சக்கரத்திலும் பசையிலும் மான்தோலிலும் அவர் கொண்டுவந்த அந்த மெருகு, அவள் முகத்தின் ஒரு சுருக்கத்தையும் விடாமல் காட்டியது. பல்மீரா பாட்டை நிறுத்தி, “இந்த மடிப்புல பாரு, எவ்வளவு அழுக்கு” என்றாள். கைப்பிடிக்குள் இருந்த முகம் இன்னும் சின்னதாக ஆனது.

எர்கோலே சவரம் செய்துகொள்ளவில்லை. கீழே பட்டறைக்குப் போனார். கடைசிக் கைப்பிடியைத் துணியில் சுற்றினார். விரல் பட்டுவிடுமோ என்று பயந்ததுபோல இரண்டு சுற்று அதிகமாகவே சுற்றினார். பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு, கையிரண்டையும் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். கைகளை அவர் நம்பவில்லை. மலையேறும் வளைவுகளில் பக்கத்தில் இருந்த அம்மாள், “மடியில என்ன, முட்டையா?” என்று கேட்டாள். எர்கோலே தலையாட்டினார்.

ஃபுல்வியா துணியைப் பிரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது, அடிப்பக்கத்திலாவது, ஒரு மெருகுக் கீற்று இருக்கும் என்று நிச்சயமாக எதிர்பார்த்தாள். இல்லை. சொல்வதற்குத் தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்றை அவள் விழுங்கினாள் என்று நம்ப இடமிருக்கிறது.

“என்ன கலர்?”

பள்ளத்தாக்கின் தீர்ப்பாளர், கண்ணை மூடாமல், பெருமூச்சு விடாமல், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்குத் தெரியாது,” என்றார். “வழுக்காத கலர்.”

“அப்படி ஒரு கலர் இல்ல, எர்கோலே.”

“சொரசொரன்னு. அவ கைக்கு. நீ பாத்துப் போடு.”

அன்று அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அதில் கொஞ்சம் கிராப்பாச் சாராயமும் ஊற்றினாள். இருவரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சண்டையில்லாமல் குடித்தார்கள். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அது முதல்முறை.

சாந்தா லூசியா திருநாள் காலை. இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருகிறவள் அந்தப் புனிதைதான். கண் தெரியாதவள், கழுதை மேல் வருவாள். கழுதைக்கு வைக்கோலும் அவளுக்குப் பாலும் ஜன்னலில் வைத்துவிட்டுக் குழந்தைகள் தூங்கப் போவார்கள். எர்கோலே வீட்டில் குழந்தைகள் இல்லை. தோரினாவும் பல்மீராவும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். நிலாத்துண்டைக் கழற்றினார். அதே ஓட்டைகளில் புதியதை மாட்டினார். வெளிறிய வெண்ணெய் நிறம், மேலே நுண்மணல் போன்ற சொரசொரப்பு. இரண்டு கையிலும் சோப்பைக் குழைத்துக்கொண்டு, தம் முழு எடையையும் அதில் தொங்கவிட்டார். சட்டையெல்லாம் நனைந்தது. கை நகரவில்லை.

தோரினா திரும்பி வந்தாள். மேலே போனாள். குளியலறைக் கதவு திறந்தது.

“எர்கோலே.”

“என்ன?”

“இத யாரு மாட்டினது?”

“எனக்கெப்படித் தெரியும்? சாந்தா லூசியாவா இருக்கும்.”

“அவ சின்னப் பசங்களுக்குத்தான குடுப்பா.”

“கழுதை வழி தப்பியிருக்கும்.”

 மாடியிலிருந்து வந்த குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

“இல்ல. கழுதை சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கு.”

குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தமும், தாழ் போடுகிற சத்தமும். தாழ்ப்பாள் விழுந்து எவ்வளவு நாளாகியிருந்தது என்று எர்கோலே நினைத்துப் பார்த்தார்.

துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டு பல்மீரா படியேறினாள். எர்கோலே நடுப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“நகரு. அவளக் குளிப்பாட்டணும்.”

“குளிச்சிட்டிருக்கா.”

“யாரோட?”

“தனியா.”

பல்மீரா மேலே பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தண்ணீர் தளும்பியது. தோரினா எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பழைய நடனப் பாட்டு, தோத்திரமல்ல என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

“புதுசா கைப்பிடி மாட்டினியா? எப்படி, நல்லா பளபளன்னு இருக்கா?”

“போயிட்டு வா, அக்கா.”

மதியம், தோரினா சமையலறையில் இருந்தபோது, அவர் சவரம் செய்துகொள்ளக் குளியலறைக்குப் போனார். உள்ளே ஆவி இன்னும் கலையவில்லை. கைப்பிடியில் நீர்த்துளிகள் தங்கியிருந்தன. சட்டைக் கையால் அதைத் துடைத்தார். பழக்கதோஷம்; குனிந்து பார்த்தார். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

அதில் யாரும் இல்லை. அதை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.